ஹமாம், சர்ஃப், ஹார்லிக்ஸ்: எல்லாம் ஒரே கம்பெனிக்குப் போனது எப்படி?

கேள்வி இதுதான்: லைஃப்பாய், ஹமாம், சர்ஃப், புரூக் பாண்ட், ஹார்லிக்ஸ் என்று எதை எடுத்துப் பின்பக்கம் திருப்பினாலும் பொடி எழுத்தில் இந்துஸ்தான் யூனிலீவர் என்றே போட்டிருக்கிறதே, அது நம் நாட்டுக் கம்பெனியா, வெளிநாட்டுக் கம்பெனியா? இத்தனை சரக்கும் எப்படி ஒரே கைக்குப் போயின?

முதல் பாதிக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். இந்தியாவில் பதிவான, மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட, நம் பங்குச் சந்தையில் வாங்கி விற்கப்படும் கம்பெனி. ஆனால் அதன் பங்குகளில் ஏறத்தாழ 62 சதவீதம் லண்டனில் இருக்கும் யூனிலீவரிடம் இருக்கிறது. ஆக, வீடு இங்கே, பட்டா அங்கே.

இரண்டாவது பாதிக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். சோப்பு, எண்ணெய் ஏஜென்சித் தொழிலில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். இந்தக் கம்பெனியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் விளம்பரத்திலிருந்து தொடங்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எண்ணெயிலிருந்து தொடங்கினால்தான் இந்தக் கதை பிடிபடும்.

சோப்பு என்பது பெரிய ரகசியம் இல்லை. எண்ணெயையோ கொழுப்பையோ காரத்தோடு சேர்த்துக் காய்ச்சினால் சோப்பும் கிளிசரினும் பிரிந்து வரும். காரம் மலிவானது, எங்கும் கிடைக்கும். எண்ணெய் அப்படியில்லை. அதற்கு மழை பெய்ய வேண்டும், மரம் காய்க்க வேண்டும், கப்பல் வந்து சேர வேண்டும். போதாததற்கு அதே எண்ணெயைத் தின்பதற்கு வேறு ஒரு கூட்டம் காத்திருக்கும். எண்ணெயைக் கட்டி ஆள்வதற்கு ஆளும் பணமும் தேவைப்பட்ட இடங்களில் எல்லாம் இந்தக் கம்பெனி ஜெயித்தது. எண்ணெய் தேவைப்படாத இடங்களில் கையில் முதலே இல்லாத மனிதர்களிடம் தோற்றது. எனக்குத் தெரிந்தவரை அதன் வரலாறு இவ்வளவுதான். விவரத்துக்கு வருவோம்.

இங்கிலாந்தில் போல்டன் என்ற ஊரில் மொத்த மளிகை வியாபாரி ஒருவரின் மகன் வில்லியம் ஹெஸ்கெத் லீவர், 1851-இல் பிறந்தவர். அந்தக் காலத்தில் சோப்பு நீளமான கட்டையாக வரும். கடைக்காரர் கேட்ட அளவுக்கு அறுத்து, எடைபோட்டுக் கொடுப்பார். யார் காய்ச்சியது என்று வாங்குபவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. லீவர் அந்தக் கட்டையை முன்கூட்டியே துண்டாக்கி, ஒவ்வொன்றையும் தாளில் சுற்றி, பெயர் பதித்து விற்றார். பெயருக்காகக் காப்புரிமை முகவர் ஒருவரிடம் போனபோது, அவர் ஒரு தாளில் நாலைந்து பெயர்களை எழுதிக் கொடுத்தாராம். ஒன்றுமே பிடிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டார் லீவர். சில நாள் கழித்து அந்தப் பட்டியலில் இருந்த ‘சன்லைட்’ திடீரென்று மனத்தில் பளிச்சிட, வேறு யாரும் பதிந்துவிடப் போகிறார்களே என்று பதறிக்கொண்டு ஓடினார். அது 1884.

பெயரும் தாளும் ஒருபுறம் இருக்கட்டும். சரக்கிலேயே ஒரு மாற்றம் இருந்தது. மற்றவர்கள் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பை நம்பிக் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, சன்லைட்டில் கொப்பரை எண்ணெயும் பனை வகை விதை எண்ணெயும் பெரும்பங்கு வகித்தன. தேங்காய் எண்ணெய்ச் சோப்பு எப்படி நுரைக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்துக்காரர்களுக்கு அது புதிது. தம்பி ஜேம்ஸ் டார்சி லீவரையும் சேர்த்துக்கொண்டு 1885-இல் வாரிங்டனில் ஒரு தொழிற்சாலையைக் குத்தகைக்கு எடுத்தார். வாரத்துக்கு 20 டன்னில் தொடங்கிய உற்பத்தி இரண்டு, மூன்று ஆண்டுகளில் 450 டன்னைத் தொட்டது. இடம் போதாமல் 1888-இல் மெர்சி ஆற்றங்கரையில் புதிய தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார். கூடவே தொழிலாளர்களுக்கு வீடு, பள்ளிக்கூடம் என்று ஒரு ஊரையே கட்டத் தொடங்கி, அதற்குப் போர்ட் சன்லைட் என்று சோப்பின் பெயரையே வைத்தார். தொழிலாளிக்குத் தோட்டத்தோடு வீடு கொடுத்த புண்ணியவான் என்று அவரைப் புகழ்கிறவர்கள் உண்டு. ஊர் அழகானதுதான், இன்றும் இருக்கிறது. ஆனால் முதலாளி கட்டிய வீட்டில் குடியிருப்பவன் முதலாளியோடு எப்படிச் சண்டை போடுவான் என்பதும் ஒரு கேள்வி.

அதே 1888-இல்தான் கல்கத்தா துறைமுகத்தில் சன்லைட் பெட்டிகள் வந்து இறங்கின. ஒவ்வொரு கட்டியிலும் ‘இங்கிலாந்தில் லீவர் பிரதர்ஸ் தயாரித்தது’ என்று ஆங்கிலத்தில் அச்சு. 1895-இல் லைஃப்பாய் வந்தது. சிவப்பு நிறம், கார்பாலிக் என்ற கிருமிநாசினியின் நெடி, செங்கல் போன்ற உருவம். ஐம்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் அந்த நெடியைச் சரியாகச் சொல்வார்கள். குளியலறையில் அதை வைத்திருந்தால் கூடம் வரைக்கும் வாசம் வரும். 2002-இல் கம்பெனி கார்பாலிக்கை விட்டுவிட்டு லைஃப்பாயைச் சாதாரண வாசனைச் சோப்பாக மாற்றியது. பெயர் அப்படியே இருக்கிறது.

இனி எண்ணெய் வேட்டை. சோப்பு விற்பனை ஏற ஏற, பனை எண்ணெய்க்காக ஆப்பிரிக்க வியாபாரிகளை நம்பியிருப்பது லீவருக்குப் பிடிக்கவில்லை. பிரிட்டனின் ஆப்பிரிக்கக் காலனிகளில் அவர் கேட்ட அளவுக்கு நிலம் கொடுக்க அரசு தயங்கியது. பெல்ஜியம் தயங்கவில்லை. 1911-இல் பெல்ஜியக் காங்கோவில் ஏழரை லட்சம் ஹெக்டேர் வரைக்கும் எண்ணெய்ப் பனைக் காடுகளைக் கையாளும் உரிமை கிடைத்தது. அங்கே ஒரு நகருக்கு லீவர்வில் என்று தம் பெயரையே வைத்தார். போர்ட் சன்லைட்டின் தோட்ட வீடுகளைப் படத்தில் காட்டுகிறவர்கள் லீவர்வில்லைக் காட்டுவதில்லை. காங்கோவில் உயரமான பனைகளில் ஏறிக் குலை வெட்ட ஆள் வேண்டும். கொடுத்த கூலிக்கு யாரும் வர விரும்பாதபோது காலனி அரசு கட்டாயப்படுத்தி ஆள் பிடித்துக் கொடுத்தது. 1931-இல் அந்தப் பகுதியின் பெண்டே மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். படை அதை அடக்கியபோது நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். அதற்குள் லீவர் காலமாகி ஆறு வருடம் ஆகியிருந்தது. அதே மனிதர்தான் இரண்டு இடங்களையும் கட்டினார் என்பதை மறந்துவிட்டு இந்தக் கம்பெனியின் வரலாற்றை எழுத முடியாது.

யூனிலீவர் என்ற பெயரே எண்ணெய்ச் சண்டையில் பிறந்ததுதான். நெதர்லாந்தில் ஓஸ் என்ற சிற்றூரில் யூர்கன்ஸ், வான் டென் பெர்க் என்று இரண்டு குடும்பங்கள். இரண்டுமே வெண்ணெய் வியாபாரிகள். 1869-இல் ஒரு பிரெஞ்சு வேதியியலாளர் வெண்ணெய்க்குப் பதிலாக மார்கரினைக் கண்டுபிடித்தார். 1871-இல் யூர்கன்ஸ் குடும்பம் அந்தச் செய்முறையைக் கையில் எடுத்தது, பக்கத்து வீட்டுக்காரரும் சும்மா இருக்கவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் போட்டி போட்ட பிறகு 1927-இல் இருவரும் சேர்ந்து ‘மார்கரின் யூனி’ ஆனார்கள். மார்கரினுக்கும் எண்ணெய் வேண்டும், சோப்புக்கும் அதே எண்ணெய் வேண்டும். உலகச் சந்தையில் இரண்டு பெரிய ஆட்கள் ஒரே பீப்பாய்க்கு ஏலம் கேட்டால் லாபம் விற்றவனுக்கு மட்டும்தான். 1929 செப்டம்பரில் உடன்பாடு, 1930 ஜனவரி 1 முதல் ஒரே நிறுவனம். ‘யூனி’ டச்சுக்காரர்களுடையது, ‘லீவர்’ ஆங்கிலேயருடையது. சம்பந்தி வீட்டார் இருவரின் பெயரையும் பிள்ளைக்கு வைத்ததுபோல.

இப்போது இந்தியாவுக்கு வருவோம். இங்கே கம்பெனி முதலில் கட்டிய தொழிற்சாலை சோப்புக்கானது அல்ல, வனஸ்பதிக்கானது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். தாவர எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தினால் அது உறைந்து நெய்போல ஆகிவிடும். இந்த வித்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. ஹாலந்திலிருந்து அந்தக் கொழுப்பை இறக்குமதி செய்துவந்த ‘தாதா’ என்ற கம்பெனி, தன் பெயர் சரக்கில் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்ததாம். லீவர்காரர்கள் தங்கள் பெயரின் முதல் எழுத்தை நடுவில் செருகினார்கள். தாதா, டால்டா ஆயிற்று. 1931-இல் இந்துஸ்தான் வனஸ்பதி என்ற கம்பெனி பதிவாயிற்று. அடுத்த வருடமே பம்பாய் சிவ்ரியில் உற்பத்தி. 1933-இல் சோப்புக்காக லீவர் பிரதர்ஸ் இந்தியா லிமிடெட். 1934-இல் அதே சிவ்ரியில் சோப்பு. பிறகு 1935-இல் அழகுப் பொருட்களுக்காக யுனைட்டெட் டிரேடர்ஸ். டால்டா என்ற பெயரோடு சரக்கு கடைக்கு வந்தது 1937-இல்.

டால்டாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மஞ்சள் டின், அதில் பச்சைப் பனைமரம். நெய்யே வாங்க முடியாத வீட்டில் விசேஷ நாளுக்குப் பூரியும் பலகாரமும் மணக்க அது போதுமானதாக இருந்தது. நெய் வியாபாரிகளுக்கோ வயிற்றெரிச்சல். வனஸ்பதியைத் தடை செய்ய வேண்டும் என்று சுதந்திரத்துக்குப் பிறகு பெரிய வாதமே நடந்தது. தடை வரவில்லை. அதற்குப் பதிலாக வந்தது ஒரு அழகான ஏற்பாடு. டால்டாவை நெய்யில் கலந்தால் நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே வனஸ்பதி தயாரிக்கிற யாரும் அதில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்த்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொன்னது. சந்தேகப்பட்ட நெய்யில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபியூராலும் விட்டுக் குலுக்கினால், நல்லெண்ணெய் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும். போடுவான் சோதனை என்று அதற்குப் பெயர். திருடன் காலில் சலங்கை கட்டிவிட்ட கதை. இவ்வளவு எளிமையான, மலிவான உணவுச் சட்டம் வேறு ஒன்று எனக்குத் தெரியாது. டின் காலியான பிறகு அதற்கு இன்னொரு ஆயுள் இருந்தது. துளசி வைக்க, அரிசி அளக்க, கிணற்றடியில் தண்ணீர் மொள்ள. 2003-இல் டால்டாவை பங்கே என்ற பன்னாட்டு எண்ணெய்க் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள்.

1956-இல் மேலே சொன்ன மூன்று கம்பெனிகளும் இணைந்து இந்துஸ்தான் லீவர் ஆயிற்று. அப்போதே 10 சதவீதப் பங்குகளை இந்தியர்களுக்கு விற்றார்கள். வெளிநாட்டுக் கம்பெனிகளின் இந்தியக் கிளைகளில் அதைச் செய்தது இதுவே முதல். 1961-இல் பிரகாஷ் டாண்டன் என்ற பஞ்சாபி கணக்காளர் தலைவரானார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர். இது தர்மசிந்தனையால் நடந்தது என்று சொல்ல மாட்டேன். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று இந்தக் கம்பெனிக்கு மற்ற வெள்ளைக்காரக் கம்பெனிகளைவிட முன்னால் தெரிந்துவிடும், அவ்வளவுதான். அதன் பலன் 1970களில் தெரிந்தது. 1973-இன் அந்நியச் செலாவணிச் சட்டம் வெளிநாட்டுக் கம்பெனிகளின் பங்கை 40 சதவீதமாகக் குறைக்கச் சொன்னது. கொக்ககோலா மூட்டை கட்டியது. இந்துஸ்தான் லீவர் மூட்டை கட்டவில்லை, வாதாடியது. ஏற்றுமதி செய்கிறோம், உயர் தொழில்நுட்பத்தில் இருக்கிறோம் என்று காட்டி, 1982-இல் யூனிலீவர் 51 சதவீதம் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கியது.

அந்த உயர் தொழில்நுட்பத்தில் ஒரு பகுதி மறுபடியும் எண்ணெய்தான். நாட்டில் சமையலுக்கே எண்ணெய் பற்றாக்குறை. சோப்புக்குத் தேங்காய் எண்ணெயையும் கடலை எண்ணெயையும் கொட்டினால் அரசு சும்மா விடாது. 1958-இல் தொடங்கிய பம்பாய் ஆராய்ச்சி நிலையத்தில், தின்ன உதவாத எண்ணெய்களிலிருந்து சோப்பு செய்யும் வழிகளை உருவாக்கினார்கள். தவிட்டெண்ணெய், ஆமணக்கு, வேம்பு, காட்டில் விழுந்து மட்கும் குங்கிலிய மர விதை. வேப்பெண்ணெயின் நிறத்தையும் நாற்றத்தையும் எடுத்துவிட்டு அதை வாசனைச் சோப்பாக்குவது லேசான வேலை இல்லை. இந்தக் கம்பெனி செய்த காரியங்களில் நான் மனதார மெச்சுவது இது ஒன்றைத்தான். இதற்கு எந்தத் தொலைக்காட்சியிலும் விளம்பரம் வந்ததில்லை.

எண்ணெயில் இவ்வளவு கெட்டிக்காரர்கள் அடி வாங்கியது எங்கே? சலவைத் தூளில். 1959-இல் சர்ஃப் வந்தது. சலவைத் தூளுக்குத் தாவர எண்ணெயோ கொழுப்போ தேவையில்லை. அதன் மூலப்பொருள் பெட்ரோலியத்திலிருந்து வருவது. சோப்பைப் போல அல்லாமல் உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும். சோப்புக் கட்டியைத் தேய்த்துத் தேய்த்து வெள்ளைத் திரி திரியாகப் படிவதைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இது பெரிய விஷயம். வாளித் தண்ணீரில் தூளைப் போட்டுத் துணியை ஊறவைக்க வேண்டும் என்பதையே மக்களுக்குக் கற்றுக்கொடுத்து விற்றார்கள். உயரமான கோபுரத்தின் உச்சியிலிருந்து குழம்பைப் பீய்ச்சி, சூடான காற்றில் காயவைத்து, உப்பலான நீலத் தூளாக இறக்குவார்கள். அந்தக் கோபுரம் கட்டப் பணம் வேண்டும். ஆகவே போட்டிக்கு யாரும் வர மாட்டார்கள் என்று எண்ணிவிட்டார்கள்.

1969-இல் அகமதாபாத்தில், குஜராத் அரசின் கனிமவளத் துறையில் ஆய்வக ஊழியராக இருந்த கர்சன்பாய் படேல் வீட்டுக் கொல்லையில் சோடா உப்பையும் அமிலக் குழம்பையும் கையால் கிளறினார். கோபுரம் இல்லை, உப்பல் இல்லை. கனமான மஞ்சள் தூள். பாக்கெட்டுக்கு மகள் பெயரிலிருந்து நிர்மா என்று பெயர் வைத்து, வேலைக்குப் போகும் வழியில் மிதிவண்டியில் வீடு வீடாக விற்றார். சர்ஃபின் விலையில் நாலில் ஒரு பங்குதான் இருக்கும். சிறுதொழிலுக்கான கலால் வரிச் சலுகையும் கைகொடுத்தது. கை எரியும் என்றார்கள், துணி வெளுத்துப்போகும் என்றார்கள். கொஞ்சம் உண்மையும் இருந்தது. ஆனால் அதுவரை சர்ஃபைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்த வீடுகள் எல்லாம் நிர்மாவுக்குப் போயின. இந்துஸ்தான் லீவர் அவர்களைத் தன் வாடிக்கையாளராகவே நினைத்ததில்லை என்பதால், அவர்கள் போவதும் அதற்குத் தெரியவில்லை. 1980களின் நடுவில் நிர்மா அளவில் சர்ஃபைத் தாண்டிவிட்டது.

அப்போதுதான் சர்ஃப் விளம்பரத்தில் லலிதாஜி வந்தார். விலை மலிவானதற்கும் நல்ல சரக்கிற்கும் வித்தியாசம் உண்டு என்று காய்கறிக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டே பாடம் எடுத்த அந்தப் பெண்மணியை உருவாக்கியவர் லிண்டாஸ் விளம்பர நிறுவனத்தின் அலிக் பதம்சி. நடித்தவர் கவிதா சௌத்ரி. (லிண்டாஸ் என்ற பெயரே ‘லீவரின் சர்வதேச விளம்பரச் சேவை’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகள்தான். ஒரு சோப்புக் கம்பெனி தன் விளம்பரப் பிரிவையே தனிக் கம்பெனி ஆக்கியது.) லலிதாஜி சர்ஃபின் மானத்தைக் காப்பாற்றினார், சந்தையை மீட்கவில்லை. சந்தையை மீட்டது 1980களின் இறுதியில் வந்த வீல். அதற்காகத் தன் பெருமையை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, கோபுரம் இல்லாமல், வெளியாரிடம் தூள் கலக்கக் கொடுத்து, நிர்மா வழியிலேயே போய் நிர்மாவோடு மோதினார்கள். அந்தத் திட்டத்துக்கு உள்ளுக்குள் ‘ஸ்டிங்’ என்று பெயர். நிர்மாவின் வளர்ச்சியைத் தடுக்கும் உத்தி என்பதன் ஆங்கிலச் சுருக்கம். பெயரிலேயே எதிராளியைச் சுமந்த திட்டம்.

இரண்டாவது அடி நம் ஊரிலிருந்தே விழுந்தது. கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்பவர், கூலி வேலை செய்கிறவனும் வாங்கக்கூடிய அளவில் எல்லாப் பொருளும் வர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர். ஷாம்புவைச் சின்ன பாக்கெட்டில் அடைத்தார். அவர் காலத்துக்குப் பிறகு குடும்பம் வெல்வெட் ஷாம்புவை விற்றது. மகன்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயோடு தனியே வந்து, தந்தை பெயரின் எழுத்துகளைச் சேர்த்து ‘சிக்’ என்று ஒரு ஷாம்பு போட்டார். எந்தக் கம்பெனியின் காலி பாக்கெட்டானாலும் ஐந்தைக் கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்றார். கடைகளில் சிக் பெயர் பரவிய பிறகு, காலி சிக் பாக்கெட்டுகளுக்கு மட்டும்தான் என்று மாற்றினார். பிறகு ஐம்பது காசுக்கு ஒரு பாக்கெட். சீயக்காய் தேய்த்த கிராமங்களுக்குள் ஷாம்பு நுழைந்தது அந்த ஐம்பது காசில்தான்.

அந்தக் காலத்தில் கடைகளுக்குச் சரக்கு போட லைனுக்குப் போன எவருக்கும் அந்தக் காட்சி நினைவிருக்கும். மளிகைக் கடை வாசலில் கம்பிக் கொக்கியில் சரம் சரமாக ஷாம்பு தொங்கும். ஆள் கேட்டதும் கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு பாக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார். பாட்டில் இரண்டு மாதம் அலமாரியில் தூசி படிந்து நிற்கும், சரம் மூன்று நாளில் தீரும். முதலில் இதை அலட்சியமாகப் பார்த்த இந்துஸ்தான் லீவரும் பின்னால் கிளினிக் பிளஸ், சன்சில்க் என்று அதே கொக்கியில் வந்து தொங்கியது. இன்று கிராமத்துக்குள் போய்ச் சேர்ந்த பெருமையைப் பன்னாட்டுக் கம்பெனிகளின் மேலாளர்கள் கருத்தரங்குகளில் பேசும்போது எனக்குக் கடலூர்தான் ஞாபகம் வரும். அந்தப் பாக்கெட்டுகள் சாக்கடையை அடைத்துக் கிடப்பதும் கூடவே ஞாபகம் வரும்.

தோற்றுக் கற்றதைத் தவிர, மற்றதெல்லாம் பெரும்பாலும் வாங்கிச் சேர்த்ததுதான். ஹமாம் டாடாவின் சோப்பு. 1917-இல் கொச்சிப் பக்கத்தில் கொப்பரை ஆட்டுவதற்காகத் தொடங்கிய டாடா ஆயில் மில்ஸ், பிறகு 501, ஹமாம் என்று சோப்புகளைப் போட்டு லீவருக்கு நேர் எதிராக நின்றது. சுதேசிச் சோப்பு என்று நம்பி ஹமாமை வாங்கிய குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். 1993-இல் அந்தக் கம்பெனியே இந்துஸ்தான் லீவரோடு இணைந்துவிட்டது. தொழிலாளர் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது, இணைப்பு செல்லும் என்று தீர்ப்பாயிற்று. வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இது நடந்ததே தெரியாது. லிப்டனையும் புரூக் பாண்டையும் யூனிலீவர் உலக அளவில் 1972, 1984-இல் வாங்கியிருந்தது, 1996-இல் இரண்டின் இந்தியத் தொழிலும் வந்து சேர்ந்தது. ரெட் லேபிள், புரூ, கிசான் எல்லாம் அந்த வழியில் வந்தவை. லாக்மேயும் 1998-இல் டாடாவிடமிருந்து வந்ததுதான். 2000-இல் அரசின் மாடர்ன் ரொட்டிக் கம்பெனியில் 74 சதவீதத்தை வாங்கினார்கள். மத்திய அரசு தனியாருக்கு விற்ற முதல் பொதுத்துறை நிறுவனம் ரொட்டிக் கடைதான் என்பது ஒரு வேடிக்கை. ரொட்டி சரிப்பட்டு வரவில்லை, பிறகு விற்றுவிட்டார்கள். 2007-இல் பெயர் இந்துஸ்தான் யூனிலீவர் என்று மாறியது. 2020-இல் ஹார்லிக்ஸும் பூஸ்டும் வந்தன. அதே வருடம், 1975 முதல் விற்றுவந்த ஃபேர் அண்ட் லவ்லியின் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘குளோ’ என்று வைத்தார்கள். நாற்பத்தைந்து வருடம் கறுப்பைக் குறையென்று காட்டி விற்ற பிறகு பெயரை மட்டும் மாற்றுவதில் என்ன இருக்கிறது என்பது என் எண்ணம். 2021-22-இல் ஆண்டு விற்பனை 50,000 கோடி ரூபாயைத் தாண்டியது.

வாங்கிச் சேர்த்ததில் ஒன்றை மட்டும் தனியே சொல்ல வேண்டும். பல்லாவரத்தில் பாண்ட்ஸ் பஸ் நிறுத்தம் என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பாண்ட்ஸ். அமெரிக்காவின் செஸ்ப்ரோ-பாண்ட்ஸ் கம்பெனி நியூயார்க் மாகாணத்தில் வைத்திருந்த பாதரசத் தெர்மாமீட்டர் ஆலையைப் பெயர்த்து 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தது. யூனிலீவர் பாண்ட்ஸை உலக அளவில் வாங்கியது, 1998-இல் இந்தியப் பாண்ட்ஸ் இந்துஸ்தான் லீவரோடு இணைந்தது. முகப்பவுடரோடு பாதரசமும் வந்துசேர்ந்தது. 2001 மார்ச்சில் கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் மூட்டை மூட்டையாகக் கிடப்பதை ஊர் மக்களும் சூழல் ஆர்வலர்களும் கண்டுபிடித்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-இல் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனது. ஏழை நாட்டிலிருந்து பணக்கார நாட்டுக்குக் கழிவு திரும்பிப் போன அபூர்வச் சம்பவங்களில் இது ஒன்று. வேலை செய்தவர்கள் சிறுநீரகக் கோளாறு, நரம்புத் தளர்ச்சி என்று வரிசையாகச் சொன்னார்கள். ஆலையால் யாருக்கும் உடல்நலக் கேடு இல்லை என்று கம்பெனி மறுத்துக்கொண்டே இருந்தது. சென்னை உயர் நீதிமன்ற வழக்கில் 2016 மார்ச்சில் 591 பேருக்குப் பணம் கொடுத்து உடன்பாடு ஆயிற்று. அதிலும் தவறை ஒப்புக்கொள்ளவில்லை, மனிதாபிமான அடிப்படை என்றார்கள்.

ஆலையின் மதிலை ஒட்டியிருப்பது பாம்பார் சோலை. பாதரசம் கலந்த மண் அந்தச் சரிவிலும் இருந்தது. அதே கொடைக்கானலில் பாம்பார் அருவி என்று ஒன்று உண்டு. 1975-இல் லிரில் சோப்பு விளம்பரத்துக்காகப் பச்சை நீச்சலுடை அணிந்த கேரன் லுனெல் என்ற பெண் அருவியில் துள்ளிக் குளித்தாரே, அந்தப் படம் எடுத்த இடம். சுற்றுலா வருகிறவர்களிடம் உள்ளூர் டாக்சிக்காரர்கள் பாம்பார் என்று சொல்வதில்லை, லிரில் அருவி என்றுதான் சொல்கிறார்கள்.